ஊருக்கொரு கோப்பு

வெள்ளைத்துரைக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம் கிடைத்ததற்கு அவருடைய படிப்பு காரணமில்லை. மற்ற இரண்டு பேருடைய பயம்தான் காரணம்.

1985ஆம் ஆண்டின் கடைசியில், மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் நடந்துகொண்டிருந்த கால்நடைச் சங்கத்துக்கு, வெளிநாட்டு தர்ம ஸ்தாபனம் ஒன்று கம்ப்யூட்டர் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியது. ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடுவதும், எந்த மாட்டுக்கு எப்போது போட்டோம் என்று எழுதி வைப்பதும்தான் சங்கத்தின் வேலை. பெட்டி வந்து இறங்கிய அன்றே செயலாளர் சிவனாண்டி ஊழியர்களைக் கூட்டி, மெட்ராஸில் ஒரு மாதப் பயிற்சி இருக்கிறது, யார் போகிறீர்கள் என்று கேட்டார். தலைமை எழுத்தர், தமக்கு ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் கரண்ட் அடித்துச் சாக விருப்பமில்லை என்றார். இன்னொருவர் மனைவிக்குப் பிரசவ நேரம் என்றார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது சாயங்காலம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மிச்சம் நின்றவர் வெள்ளைத்துரை.

அவருக்கு அப்போது வயது முப்பத்து நாலு. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர், டைப்ரைட்டிங் லோயர் முடித்தவர். மருந்து ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறு வருஷம் பட்டிதொட்டியெல்லாம் அலைந்தவர். குணத்தில் ஒரே ஒரு விசேஷம், எதையும் தனித்தனியாகப் பிரித்து வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சின்ன வயதில் கொடிக்காலின் ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பெயர் வைத்து, அதைத் தகரத்தில் எழுதிக் குத்திவைத்து, தகப்பனாரிடம் அடி வாங்கியவர். வீட்டில் கொத்தமல்லிக்கும் சீரகத்துக்கும் நடுவே அட்டை வைத்தவர்.

மெட்ராஸிலிருந்து திரும்பும்போது தடித்த நோட்டு ஒன்றும் ஒரு யோசனையும் கொண்டுவந்தார். மாடுகளை ஊர்வாரியாகப் பிரிப்பது. ஒவ்வோர் ஊருக்கும் கம்ப்யூட்டரில் தனித்தனிக் கோப்பு. மாட்டின் காதுவில்லை எண், சொந்தக்காரர் பெயர், நிறம், ஊசி போட்ட தேதி, கன்று ஒன்று, கன்று இரண்டு, கன்று மூன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். காதுவில்லை என்பது மாட்டின் காதில் குத்துகிற சின்னத் தகடு. அதன் எண்ணும் ஒவ்வோர் ஊரிலும் ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கும். பாத்திக்குப் பாத்தி தகரம்.

இதில் அவர் பெருமைப்பட்ட சாமர்த்தியம் ஒன்று இருந்தது. புது ஊர் சேர்ந்தால் அவர் ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை. ஊர்ப் பெயரை இங்கிலீஷில் தட்டினால் போதும். காலி மாதிரிக் கோப்பைப் பிரதி எடுத்து, அதற்கு அந்த ஊரின் பெயரையே சூட்டி, கட்டமெல்லாம் வரைந்து, கம்ப்யூட்டர் தானே தயாராக வைத்துவிடும். நடுவில் அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. "இந்தப் பெயரில் ஏதாவது இருந்தால் அழித்துவிட்டு எழுதட்டுமா?" என்று கேட்டுக்கேட்டு நச்சரித்தது. வெள்ளைத்துரை ஒரே ஒரு கட்டளை போட்டு அதன் வாயை அடைத்துவிட்டார்.

சிவனாண்டி இந்த வித்தையை முதன்முதலில் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தொரை, பேரைச் சொன்ன ஒடனே ஊரே பொறக்குதேய்யா! இன்னொண்ணு போடு, பாப்போம்."

வெள்ளைத்துரை இன்னொன்று போட்டார். சிவனாண்டி இன்னும் ஒன்று கேட்டார். அன்றைக்கு மட்டும் ஒரு மாடுகூட இல்லாத ஏழு ஊர்கள் பிறந்தன. அவற்றை டைப்பிஸ்ட் ஜெயக்கொடி மறுநாள் ஒவ்வொன்றாக அழித்தாள்.

ஜெயக்கொடி திருமங்கலத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிறவள். வயது இருபத்தாறு. ஊசிக்காரர்கள் கொண்டுவரும் தாள்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. குறைவாகப் பேசுவாள், பேசினால் கணக்கோடு பேசுவாள்.

முதல் மூன்று மாதம் எல்லாம் தேர்த்திருவிழா மாதிரி நடந்தது. பன்னிரண்டு ஊர் முப்பதாயிற்று, முப்பது எழுபதாயிற்று. பொங்கலுக்குள் நூறு ஊர் என்று சிவனாண்டி மேடை போட்டே அறிவித்தார். அதன் பிறகுதான் சின்னச் சின்னத் தொந்தரவுகள் தலைகாட்டின. மொத்தம் எத்தனை மாடு என்று யாராவது கேட்டால், ஒவ்வோர் ஊர்க் கோப்பாகத் திறந்து, எண்ணி, மூடி, அடுத்ததைத் திறந்து, கம்ப்யூட்டர் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஜெயக்கொடி கீழே இறங்கிப் போய் இரண்டு காபி குடித்துவிட்டு வந்துவிடுவாள். சில ஊர்களில் நாலு கன்று ஈன்ற மாடுகள் இருந்தன. அந்த ஊர்க் கோப்புகளில் மட்டும் 'கன்று நான்கு' என்று ஒரு கட்டத்தை வெள்ளைத்துரை ஒட்டினார். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பசு ஐந்தாவது ஈத்துப் போட்டதும் அங்கே மட்டும் 'கன்று ஐந்து'. கடைசியில் எந்த ஊரில் எத்தனை கட்டம் என்று நினைவு வைக்கவே தனியாக ஒரு நோட்டுப் போட வேண்டியதாயிற்று.

ஒருநாள் ஜெயக்கொடி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அண்ணே, நம்ம நோட்டுல ஊரு நூத்திப் பதிமூணு இருக்கு. பெட்டியில ஃபைலு நூத்திப் பன்னெண்டுதான் இருக்கு."

"எண்ணுறதுல தப்பு விட்டிருப்பம்மா."

"மூணு தடவ எண்ணிட்டேண்ணே."

"எங்கிட்டாவது ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். விடு."

மறுவாரம் நூற்றுப் பதினாலாவது ஊரைப் போடப் போனபோது கம்ப்யூட்டர் முடியாது என்றுவிட்டது. கோப்புகளைச் சேர்த்துவைக்கும் பிளாப்பித் தட்டில் பாதி இடம் காலியாகக் கிடந்தது, இருந்தும் முடியாது. அந்தத் தட்டில் நூற்றுப் பன்னிரண்டு கோப்புக்கு மேல் பெயர் எழுத முடியாது என்பது வெள்ளைத்துரைக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் அசரவில்லை. இன்னொரு தட்டை எடுத்து அதன் மேல் 'தெற்கு' என்று எழுதினார். பழையதன் மேல் 'வடக்கு' என்று எழுதினார். வடக்குத் தட்டில், மதுரைக்குத் தெற்கே இருக்கிற திருமங்கலத்து ஊர்கள் நாற்பது இருந்தன. மேற்கே உள்ளவனுக்கு எந்தத் தட்டு என்று ஜெயக்கொடி கேட்டாள்.

1987 தை மாதம் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. அலுவலக மாடியிலேயே பந்தல். மெட்ராஸிலிருந்து இரண்டு விருந்தினர், சுற்றுவட்டார ஊர்ப் பெரிய மனிதர்கள் நாற்பது பேர், எல்லோருக்கும் கலர் பாட்டில். சிவனாண்டி மைக்கைப் பிடித்தார்.

"நூத்திப் பதிமூணு கோப்பு! தமிழ்நாட்டுலயே வேற எந்த மாட்டுச் சங்கத்துக்கும் இம்புட்டுக் கிடையாது! யாரு வேணாலும் உங்க ஊரைக் கேளுங்க. மாட்டோட சேத்து காட்டுறோம்!"

முன்வரிசையிலிருந்து அழகுமலை எழுந்தார். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் பெருமாள்குளம் என்ற ஊரின் தலைவர். சங்கத்தில் முதன்முதலாகச் சேர்ந்த பன்னிரண்டு ஊர்களில் அதுவும் ஒன்று. மீசையை நீவிக்கொண்டே, "எங்க ஊரைப் போடுங்க தம்பி," என்றார்.

வெள்ளைத்துரை பெருமாள்குளம் என்று தட்டினார். திரை மினுங்கி வரிவரியாகப் பெயர்கள் வந்தன. ஜெயக்கொடி மைக்கில் வாசித்தாள்.

"ஒண்ணு. செவலப் பசு. சொந்தக்காரர் நல்லகாமன். ரெண்டு. மயிலக் காளை. சொந்தக்காரர் நல்லகாமன். மூணு..."

"நிறுத்துங்க!" அழகுமலையின் குரலில் பந்தல் குலுங்கியது. "எந்த நல்லகாமன்?"

"நாந்தான்!" என்று பின்வரிசையில் ஒருவர் குதூகலமாக எழுந்தார். அவர் பக்கத்து ஊரான பெருமாள்கோட்டையின் தலைவர். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கண்மாய் இருந்தது. அதன் மடை யாருக்குச் சொந்தம் என்று இரண்டு தலைமுறையாக அடிதடி.

"எங்க ஊரு பேரைப் போட்டா இவன் மாடு எதுக்குய்யா வருது?"

"எங்க மாடு இருக்க எடந்தான் எங்க ஊரு. கண்மாயும் எங்களுதுன்னு கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சுபோச்சு," என்றார் நல்லகாமன்.

அதற்குப் பிறகு நடந்ததில் யாருக்கும் பெரிய காயம் இல்லை. பதினேழு கலர் பாட்டில் உடைந்தன. மெட்ராஸ் விருந்தினர்களைப் பின்பக்கப் படி வழியாக இறக்கினார்கள். போகும்போது அழகுமலை வெள்ளைத்துரையின் மேஜைக்கு வந்து, திரையை விரலால் தட்டினார்.

"எங்க ஊருல நாப்பத்தாறு உருப்படி. எங்கய்யா?"

"தேடிப் பாக்குறேங்கய்யா."

"பெட்டிக்குள்ள தேடாத. நாளைக்கே ஓட்டிட்டு வாரேன். கண்ணால பாத்து எழுதிக்க."

கூட்டம் கலைந்ததும் வெள்ளைத்துரை மெட்ராஸ் நோட்டை எடுத்துப் புரட்டினார். இருபத்தேழாம் பக்கத்தில், 'கோப்பின் பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் இருந்தால்' என்று ஒரு வரி ஆரம்பித்திருந்தது. அதற்கு மேல் எழுத்தில்லை. பேனா மட்டும் ஒரு கோடாக இழுபட்டுப் போய்த் தாளின் ஓரத்தில் விழுந்திருந்தது. அன்று பயிற்சியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. அவர் கண்ணயர்ந்துவிட்டிருந்தார்.

ஜெயக்கொடிதான் விரல்விட்டு எண்ணினாள். இங்கிலீஷில் பெருமாள்குளம், முதல் எட்டு எழுத்து. பெருமாள்கோட்டை, முதல் எட்டு எழுத்து. இரண்டும் ஒன்றே. எட்டுக்கு மேல் உள்ளதைப் பெட்டி வெட்டி எறிந்துவிடும். ஆக, கோட்டை பிறந்த அன்று குளம் செத்துப்போயிருக்கிறது. அழிக்கட்டுமா என்று கேட்டிருக்கவேண்டிய பெட்டியின் வாயை அவரே அடைத்திருந்தார்.

வெள்ளைத்துரை கம்ப்யூட்டரை அணைத்தார். நாற்பத்தாறு மாடுகளை ஒரே விசைத் தட்டலில் கொன்றவன் என்ற எண்ணத்தோடு அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்தார்.

அழகுமலை சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, மேலூர் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு நாற்பத்தாறு உருப்படிகளும் வந்து சேர்ந்தன. மாட்டுச் சந்தை கூடுகிற மாட்டுத்தாவணித் திடலருகே நின்ற போலீஸ்காரர், சந்தை எப்போது ஆரம்பித்தது என்று விசாரித்தாராம். கோரிப்பாளையத்துத் தெரு அடைபட்டது. இரண்டு டவுன் பஸ்கள் நின்றன. ஒரு காளை வாழைப்பழக் கடையைப் பார்வையிட்டது.

மாடு மாடிக்கு ஏறாது. கம்ப்யூட்டர் கீழே இறங்காது. எனவே வெள்ளைத்துரை தெருவில் நின்று காதுவில்லைகளைப் பார்த்து எண்களைக் கத்த, ஊசிக்காரர் பேச்சிமுத்து படியில் நின்று அதை வாங்கி மேலே கத்த, ஜெயக்கொடி மாடியில் தட்டினாள். பேச்சிமுத்து வெள்ளைத்துரைக்கு மாமன் மகன் முறை. ஐஸ் பெட்டி காலத்துக் கூட்டாளி.

முப்பத்தோராவதாக நின்றது ஒரு எருமை. இழுத்துப் பிடித்திருந்த அம்மாள் பெயர் சுந்தரம்மாள். வெள்ளைத்துரை எருமையின் வலது காதைப் பார்த்து, "பத்தொம்போது!" என்று கத்தினார். அப்படியே இடது காதைப் பார்த்தவர் நின்றுவிட்டார். அங்கேயும் ஒரு வில்லை. எண் நாற்பத்தொன்று.

"இதென்னம்மா ரெண்டு காதுலயும்?"

"ஒண்ணு நீங்க போட்டது. இன்னொண்ணும் நீங்க போட்டதுதான்," என்றார் சுந்தரம்மாள். "திருமங்கலம் சந்தையில வாங்குனேன். வாங்கும்போதே எடது காதுல ஒண்ணு கெடந்துச்சு. அந்தா அந்தத் தம்பி வந்து, அது அந்த ஊரு நம்பரு, இது இந்த ஊரு நம்பருன்னு இன்னொண்ணு குத்திட்டுப் போனாரு. அதுக்கு முன்னாடி சோழவந்தான்ல இருந்துச்சாம். அங்க போட்டது பிஞ்சு போச்சு, பாருங்க, காது கிழிஞ்சிருக்கு."

வெள்ளைத்துரை மேலே பார்த்துக் கத்தினார். "ஏம்மா, திருமங்கலத்துல நாப்பத்தொண்ணு உசிரோட இருக்கா?"

சற்று நேரம் கழித்து ஜன்னலில் ஜெயக்கொடியின் தலை தெரிந்தது. "இருக்குண்ணே. ஊசி போடலன்னு பாக்கி காட்டுது."

"அந்த எருமையைத் தேடி நாலு தடவ போனேன் மாப்ள!" என்று பேச்சிமுத்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இல்லாத எருமைக்கு ஊசி போட வந்தியாடான்னு அந்த வீட்டுக்காரன் நாயை அவுத்து விட்டான்!"

சுந்தரம்மாளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "ஆமா தம்பி, இது ஏழு ஈத்துப் போட்டிருக்கு. போன தடவ எழுதும்போது மூணோட நிறுத்திட்டாங்க. மூணுக்கு மேல ஈண்டா உங்க பொட்டி ஒத்துக்கிறாதா?"

தெருவே சிரித்தது. வெள்ளைத்துரை சிரிக்கவில்லை. எருமையின் காதைப் பிடித்தபடியே நின்றார். எருமை ஒன்றுதான். அது சோழவந்தானில் நின்றாலும் அதே எருமை, திருமங்கலத்தில் நின்றாலும் அதே எருமை, இப்போது கோரிப்பாளையத்தில் பஸ்ஸை மறித்து நின்றாலும் அதே எருமை. நாம் ஊரைப் பெட்டியாக்கி, மாட்டை அதற்குள் அடைத்துவிட்டோம். மாடோ கயிறு எங்கே இழுக்கிறதோ அங்கே போகிறது. ஊர் என்பது மாட்டைப் பற்றிய ஒரு சேதி, நிறம் மாதிரி. அதற்கு ஒரு கட்டம் போதும். ஏழு கன்றுக்கு ஏழு கட்டம் எதற்கு? கன்றுக்கு ஒரு வரி. அந்த வரியில் தாயின் எண். எத்தனை ஈன்றாலும் வரி கூடும், கட்டம் கூடாது.

"தம்பி, காதை விடுங்க. அது மொறைக்குது," என்றார் சுந்தரம்மாள்.

அன்றிலிருந்து ஐந்து வாரம் வெள்ளைத்துரைக்கு வேறு வேலை ஓடவில்லை. காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டார், அடித்தார், மறுபடி போட்டார். மாட்டுக்கு ஒரு கோப்பு. கன்றுக்கு ஒன்று. ஊசிக்கு ஒன்று. எந்தத் தேதியில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு மாறியது என்று இடமாற்றத்துக்கு ஒன்று. ஜெயக்கொடி ஒவ்வொரு தாளையும் வாங்கிப் பார்த்து, அவர் மறந்ததைச் சொன்னாள். செத்த மாட்டை அழிக்காமல் செத்த தேதியை மட்டும் எழுத வேண்டும் என்பது அவள் சொன்னது. "அழிச்சா பிறகு அதோட கன்னுக்குட்டி அனாதையா நிக்கும்ணே," என்றாள்.

கஷ்டம் பேச்சிமுத்துவுக்குத்தான் வந்தது. இனி மாட்டுக்கு ஆயுசுக்கும் ஒரே எண், எல்லா ஊருக்கும் தொடர்ச்சியாக, ஒன்றிலிருந்து.

"அப்ப மூவாயிரம் காதையும் திரும்பக் குத்தணுமா? நீ உள்ள உக்காந்து தட்டுவ. மாடு முட்டுறது என்னையத்தான மாப்ள!"

முட்டவும் செய்தது. இரண்டு மாதத்தில் ஐந்து தடவை.

எல்லாம் முடிந்து வெள்ளைத்துரை செயலாளரிடம் போய்த் திரையைக் காட்டினார். சிவனாண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணினார்.

"நாலு ஃபைலு இருக்கு. மத்ததெல்லாம்?"

"அம்புட்டுத்தாங்கய்யா."

"நூத்திப் பதிமூணு இருந்துச்சேய்யா!" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோட்டீஸ் அடிச்சிருக்கேன். மெட்ராஸ்காரனுக்குக் காயிதம் போட்டிருக்கேன். மிச்சம் நூத்தி ஒம்போதை எங்கய்யா தொலைச்ச?"

"தொலையலைங்கய்யா. உள்ளேயே இருக்கு."

"உள்ள எங்க?"

வெள்ளைத்துரை விளக்கினார். சிவனாண்டிக்குப் புரியவில்லை. ஜெயக்கொடி விளக்கினாள். அவருக்கு அவமானம்தான் கூடியது. கடைசியில், புது ஊர் சேர்ந்தால் எத்தனை கோப்பு ஆகும் என்று கேட்டார். நாலு என்றார்கள். ஆயிரம் ஊர் சேர்ந்தால்? நாலுதான். "அப்ப நாம வளரவே மாட்டமா?" என்று கேட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் லீவு.

அழகுமலைக்கும் ஒரு குறை. ஊர்வாரியாக அச்சடித்த பட்டியலில் பெருமாள்கோட்டை மேலே இருந்தது, பெருமாள்குளம் கீழே. தமிழில் 'கு' முந்தி, 'கோ' பிந்தி. இங்கிலீஷில் தலைகீழ். பெட்டிக்கு இங்கிலீஷ்தான் தெரியும் என்று வெள்ளைத்துரை எவ்வளவோ சொன்னார். நல்லகாமன் அந்தப் பட்டியலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டதாகக் கேள்வி. கடைசியில் சங்கத்தில் சேர்ந்த வரிசைப்படி ஊர்களை அச்சடித்து அழகுமலையைச் சமாதானம் செய்தார்கள். மாடுகள் ஒரே கோப்பில் கிடந்ததால், எந்த வரிசை கேட்டாலும் அந்தப் பெட்டி கொடுத்தது.

அந்த வருஷம் புரட்டாசியில், திருமங்கலம் சந்தைப் பக்கத்தில் கோமாரி கிளம்பியது. வாயில் நுரை தள்ளி, குளம்பு வெந்து, மாடுகள் நிற்க முடியாமல் விழுந்தன. தந்தி காலை பதினோரு மணிக்கு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிவனாண்டி, அந்த மூன்று நாள் லீவுக்குப் பிறகு முதன்முறையாக, வெள்ளைத்துரையின் மேஜைக்குத் தாமாக வந்தார்.

"தொரை, அந்தச் சந்தையில இருந்து எங்கெங்க மாடு போயிருக்குன்னு தெரியுமாய்யா?"

வெள்ளைத்துரை தட்டினார். கடந்த முப்பது நாளில் திருமங்கலத்திலிருந்து வெளியே போனவை, போன ஊர், வாங்கினவர் பெயர். அச்சுப் பொறி கிரீச்சிட்டுக்கொண்டு இருபத்து மூன்று வரி அடித்தது. பழைய ஏற்பாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது என்பது அவருக்கும் ஜெயக்கொடிக்கும் மட்டும் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சிவனாண்டி அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.

ஊசிக்காரர்கள் ஐந்து பேரும் சைக்கிளில் கிளம்பினார்கள். ஆள் போதாமல் வெள்ளைத்துரை பழைய ஐஸ் பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு தாமும் ஏறினார். பொழுது சாய்வதற்குள் இருபத்தொரு மாடுகளைக் கண்டுபிடித்துத் தனியாகக் கட்ட வைத்து, அக்கம்பக்கத்து மாடுகளுக்கெல்லாம் ஊசியும் போட்டுவிட்டார்கள். அதில் ஒன்று நல்லகாமனின் புதுப் பசு. அதற்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. கண்மாயில் தண்ணீர் காட்ட அப்போதுதான் அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஊர் மாடும் குடிக்கிற கண்மாய் அது.

பட்டியலில் மிச்சம் இருந்த இரண்டை, வாங்கினவர்களிடமிருந்து அன்று காலைதான் ஒத்தக்கடை வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டு கிழக்கே ஓட்டிப் போயிருந்தார். பேச்சிமுத்து திட்டிக்கொண்டே மேலூர் ரோட்டில் ஆறு மைல் மிதித்து, ஒரு டீக்கடை வாசலில் அவற்றைப் பிடித்தார். மறுநாள் ஜெயக்கொடி வந்ததும் வராததுமாக இடமாற்றக் கோப்பில் இரண்டு வரிகளைச் சேர்த்தாள்.